ஃபோட்டோவில் முதுகு தெரியாது: ஓர் அழகான கம்ப்யூட்டரோடு எட்டு மாதம்

போன மாதம் என் கம்ப்யூட்டரை விற்றுவிட்டேன். வாங்கி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. போட்ட காசில் பாதிக்குச் சற்று மேலே கைக்கு வந்தது, மீதி போனது போனதுதான். அப்படி அதில் என்ன கோளாறு என்று கேட்பவர்களிடம் சட்டென்று சொல்ல வரவில்லை. ஒரு பாகம்கூடக் கெட்டுப்போகவில்லை. வேகமும் குறைவில்லை. பார்க்க அவ்வளவு அழகு, இன்றைக்கும் அதன் படத்தைப் பார்த்தால் மனசு கொஞ்சம் இளகத்தான் செய்கிறது. ஆனால் அதோடு குடித்தனம் நடத்த முடியவில்லை. வாங்குவதற்கு முன்னால் யாராவது என்னை உட்காரவைத்து நாலு கேள்வி கேட்டிருந்தால் தப்பித்திருப்பேன். ஒருவர் கேட்கத்தான் கேட்டார், நான்தான் காதில் வாங்கவில்லை.

என் தொழில் வீடியோ எடிட்டிங், இடையிடையே கொஞ்சம் 3டி வேலை, சின்ன விளக்கப் படங்களுக்கு நானே குரலும் கொடுப்பேன். பழைய கம்ப்யூட்டருக்கு ஏழு வயதாகியிருந்தது. இந்தத் தடவை உயர்ரகமாக ஒன்று வாங்கிவிடுவது என்று முடிவுசெய்து, மூன்று வாரம் உட்கார்ந்து ஓர் அட்டவணை போட்டேன். கடைசியில் மூன்று மிஞ்சின. ஒன்று, ஆப்பிளின் மேக் ஸ்டூடியோ. இரண்டாவது, நிறுவனங்களுக்கென்றே செய்கிற கறுப்புப் பெட்டி வொர்க்ஸ்டேஷன். மூன்றாவது, ஒரு சின்ன நிறுவனம் கட்டித் தருகிற ஒல்லியான கண்ணாடி டவர்: உள்ளே ஏஎம்டியின் ரைசன் 9 7950எக்ஸ் பிராசஸர், என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4090 கிராபிக்ஸ் கார்டு, இரண்டு பக்கமும் கண்ணாடி, மேஜையில் ஒரு பெரிய புத்தகம் அளவுக்குத்தான் இடம் பிடிக்கும். என் 3டி ரெண்டரிங் (காட்சியைக் கணக்குப் போட்டுப் படமாக்கும் வேலை) மென்பொருளுக்கு என்விடியா கார்டு வேண்டும், மேக் ஸ்டூடியோவில் அதைப் போட முடியாது, அதனால் மேக் முதலிலேயே கழன்றுகொண்டது. மிச்சம் இரண்டு.

அந்த அட்டவணையை இப்போது திறந்து பார்த்தால் சிரிப்பு வருகிறது. பிராசஸர், கோர், ரேம், கிராபிக்ஸ் மெமரி, எஸ்எஸ்டி, வாரண்டி, அப்புறம் 'தோற்றம்' என்று ஒரு கட்டம், அதில் பத்துக்கு மார்க். கறுப்புப் பெட்டிக்கு 3, கண்ணாடி டவருக்கு 10. சத்தம் என்று ஒரு கட்டம் இல்லை. யுஎஸ்பி எங்கே இருக்கிறது என்று இல்லை. திறக்க எவ்வளவு நேரமாகும் என்று இல்லை. நான் பார்த்த படங்கள் எல்லாமே முன்பக்கத்திலிருந்தோ முக்கால் பக்கத்திலிருந்தோ எடுத்தவை, ஒன்றில்கூட ஒரு கேபிள் கிடையாது. மின்கம்பிகூட இல்லாமல் அது எப்படி எரிந்துகொண்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை! பல வருடமாக இந்தத் தொழிலில் இருக்கும் ஓர் அண்ணனிடம் படத்தைக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் போட்டுக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தவர், "நல்லாத்தான் இருக்கு தம்பி, கேபிளெல்லாம் எங்க செருகுவ?" என்றார். "பின்னாடி இருக்கும் அண்ணே" என்றேன். பின்னாடி இல்லை. அடியில் இருந்தது.

இது ஏன் என்று அப்புறம்தான் புரிந்தது. இந்த ஒல்லி டவர்களில் மதர்போர்டை 90 டிகிரி திருப்பி நிற்கவைப்பார்கள். வழக்கமாகப் பின்னால் இருக்கிற போர்ட்டுகள் அப்படித் திருப்பும்போது ஒன்று மேலே போகும், இல்லை கீழே போகும். என்னுடையதில் கீழே. கேபிள்களெல்லாம் அடியிலிருக்கும் ஒரு குழியிலிருந்து சேர்ந்து வெளியே வரும், அதனால் பார்க்க ஒரே சுத்தம். ஆனால் ஒரு ஹார்ட் டிஸ்க்கை மாற்றிச் செருக வேண்டுமென்றால் ஒரு கையால் டவரைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் இருட்டில் தடவ வேண்டும். முன்பக்கம் ஒரே ஒரு யுஎஸ்பி-சி. கேமரா கார்டுகளை தினம் நாலு தடவை மாற்றுகிற ஆளுக்கு இது. ஒரு வாரத்தில் ஒரு யுஎஸ்பி ஹப் வாங்கி மேஜைமேல் வைத்தேன், இரண்டாவது வாரம் கார்டு ரீடர். அந்தச் சுத்தமான டவரின் காலடியில் இரண்டு டப்பாக்களும் நாலு ஒயர்களும் கிடந்தன. வாங்குவதற்கு முன் பின்பக்கப் படமும் அடிப்பக்கப் படமும் கேட்டு வாங்குங்கள். எல்லா கேபிளும் செருகிய நிலையில் ஒரு படம் இருந்தால் இன்னும் நல்லது. தர யோசித்தால் அதுவே பாதி பதில்.

சத்தத்துக்கு வருகிறேன், என் முடிவை மாற்றியது அதுதான். முதல் ரெண்டர் போட்ட அன்று அறைக்கு வெளியே இருந்தேன், ஏதோ மிக்ஸி ஓடுகிறது என்று நினைத்துத் திரும்பி வந்தேன். 7950எக்ஸ் 170 வாட் என்று குறிக்கப்பட்ட பிராசஸர், முழு வேகத்தில் அதற்கு மேலும் இழுக்கும், 95 டிகிரி வரை சூடேறி அங்கேயே நிற்பது அதன் இயல்பு, அதை ஏஎம்டியே சொல்லியிருக்கிறது. இதை ஒரே ஒரு 140 மில்லிமீட்டர் ரேடியேட்டரை (திரவம் ஓடிச் சூட்டை இறக்குகிற தட்டு) வைத்துக் குளிரவைக்க வேண்டும். பக்கத்திலேயே 450 வாட் கிராபிக்ஸ் கார்டு. அதன் ஃபேன்களுக்கும் கண்ணாடிக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. காற்று வரும் வழி சின்னதாக இருந்தால் ஃபேன் வேகமாகச் சுற்றித்தானே ஆக வேண்டும். ரெண்டர் சத்தமாவது பரவாயில்லை, கதவைச் சாத்திவிட்டுப் போய்விடலாம். கொடுமை என்னவென்றால் சும்மா இருக்கும்போது வருகிற மூச்சு. ஒரு பிரவுசர் டேபைத் திறந்தால் பிராசஸர் ஒரு நொடி சூடாகும், உடனே ஃபேன் 'ஸ்ஸ்' என்று ஏறும், மூன்று நொடியில் இறங்கும். மறுபடி ஏறும். குரல் பதிவில் இது அப்படியே உட்கார்ந்துகொண்டது. சீராக இருக்கிற இரைச்சலை மென்பொருளில் எடுத்துவிடலாம், இப்படி ஏறி இறங்குவதை எடுத்தால் குரலும் சேர்ந்து தேய்கிறது. ஒரு 12 நிமிட விளக்கப் படத்தின் குரலை மூன்று நாள் திரும்பத் திரும்பப் பதிவுசெய்தேன், கடைசியில் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு ஃபோனில் பேசி அனுப்பினேன். இவ்வளவு காசு கொடுத்து வாங்கியதை அணைத்தால்தான் வேலை நடக்கிறது என்று அன்று ராத்திரி எனக்கு அழுகையே வந்தது, மிகையாகச் சொல்லவில்லை.

இதே மாதிரி ஒன்றை ஏற்கெனவே வாங்கி மாட்டிக்கொண்டவர்களுக்கு இரண்டு வைத்தியம் சொல்கிறேன். பயாஸில், அதாவது கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புத் திரையில், பிராசஸர் இழுக்கும் மின்சாரத்தைக் குறைக்கிற இகோ மோட் என்று ஒன்று இருக்கும், அதில் 105 வாட் போட்டுக்கொள்ளுங்கள். எனக்கு 41 நிமிடம் எடுத்த ரெண்டர் 43 ஆனது, அவ்வளவுதான், சத்தம் பாதியாகக் குறைந்த மாதிரி இருந்தது. கிராபிக்ஸ் கார்டின் பவர் லிமிட்டையும் 75 சதவீதத்துக்கு இறக்கினேன், அதிலும் பெரிய நஷ்டம் தெரியவில்லை. அப்புறம் ஃபேன் அமைப்பில் சூடு ஏறிய உடனே வேகம் கூட்டாமல் சில நொடி பொறுத்துக் கூட்டும்படி வைக்க முடியும், அந்த மூச்சுவாங்கல் அதில்தான் ஓரளவு நின்றது. இன்னும் வாங்காதவர்கள், விற்பவர் சொல்லும் டெசிபல் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். எவ்வளவு தூரத்தில், என்ன வேலை ஓடும்போது அளந்தார்கள் என்று கேளுங்கள். 10 டெசிபல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்கும், 35-க்கும் 45-க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று நினைத்துவிட வேண்டாம்.

இந்த விஷயத்தில் பெரிய நிறுவனங்களே தடுக்கி விழுந்திருக்கின்றன என்று பிறகு படித்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஆப்பிள் 2000-இல் ஜி4 கியூப் என்று ஒன்று விட்டது, எட்டு அங்குலக் கனசதுரம், ஃபேனே கிடையாது, சூடான காற்று தானாக மேலே போய்விடும், மேல்பக்கத்தைத் தொட்டால் ஓடும். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இன்று அதற்கு இடமுண்டு, ஆனால் கடையில் ஒரு வருடம்தான் நின்றது, 2001 ஜூலையில் நிறுத்திவிட்டார்கள். 2013-இல் அதே ஆப்பிள் மேக் ப்ரோவை 25 சென்டிமீட்டர் உயரமுள்ள கறுப்பு உருளையாக மாற்றியது. நடுவில் முக்கோணமாக ஒரு குளிர்விக்கும் தூண், அதன் மூன்று பக்கத்திலும் ஒவ்வொரு போர்டு, எல்லாவற்றுக்கும் சேர்த்து மேலே ஒரே ஃபேன். அசாத்தியமான வடிவமைப்புதான். ஆனால் காலம் ஒற்றைப் பெரிய கிராபிக்ஸ் கார்டு பக்கம் போனபோது அந்த உருளைக்குள் அதற்கு வழியில்லை. வெப்ப விஷயத்தில் தங்களைத் தாங்களே ஒரு மூலைக்குள் அடைத்துக்கொண்டோம் என்று 2017-இல் அந்த நிறுவனமே பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு ஒப்புக்கொண்டது. 2019-இல் வந்தது மறுபடியும் ஒரு பெட்டி. கைப்பிடி வைத்த, உறையை மேலே தூக்கினால் நாலு பக்கமும் திறக்கிற, எட்டு ஸ்லாட் உள்ள பெட்டி. முகத்தில் இருந்த ஓட்டைகளைப் பார்த்துக் காய் துருவி என்று கேலி செய்தார்கள், சக்கரத்துக்குத் தனிக் காசு கேட்டதையும்தான். ஆனால் காற்று போவதற்குத்தானே அந்த ஓட்டைகள்! 2022-இல் மேக் ஸ்டூடியோ வந்தபோது முன்பக்கத்திலேயே இரண்டு யுஎஸ்பி-சியும் எஸ்டி கார்டு ஸ்லாட்டும் வைத்துவிட்டார்கள். சரி, திருந்திவிட்டார்கள் என்று நினைத்தால் 2024 மேக் மினியில் பவர் பட்டனை அடியில் கொண்டுபோய் வைத்தார்கள்.

என் கதைக்கு வருகிறேன். நாலாவது மாதம் இடம் போதவில்லை, இன்னொரு எஸ்எஸ்டி போடலாம் என்று வாங்கினேன். ரேம் போடுவது மாதிரி பத்து நிமிட வேலை என்று நினைப்பு. உள்ளே இருந்தது மினி-ஐடிஎக்ஸ் போர்டு, 17-க்கு 17 சென்டிமீட்டர்தான். அதில் முன்பக்கம் எல்லாம் நிரம்பியிருக்க, எஸ்எஸ்டி செருகும் இரண்டாவது எம்.2 ஸ்லாட்டை போர்டின் முதுகுப் பக்கம் வைத்திருந்தார்கள். அதாவது அந்த விரல் நீள எஸ்எஸ்டியைச் செருக இரண்டு கண்ணாடியையும் எடுத்து, கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி, அதை போர்டோடு இணைக்கிற ரைசர் கேபிளை உருவி, ரேடியேட்டரை அவிழ்த்து, போர்டையே வெளியே எடுக்க வேண்டும். ஸ்க்ரூக்களை ஒரு வெள்ளைத் தாளில் வரிசையாக வைத்து, பக்கத்தில் எது எங்கிருந்து வந்தது என்று பென்சிலில் எழுதினேன். 31. அதில் நாலு வெவ்வேறு நீளம். காலையில் ஆரம்பித்தது, சாயங்காலம் ஆறு மணிக்கு முடிந்தது, சுவிட்சைப் போட்டால் ஃபேன் சுற்றுகிறது, விளக்கெல்லாம் ஜோராக எரிகிறது, திரையில் மட்டும் ஒன்றுமில்லை.

அடுத்த ஐந்து நாள் எப்படிப் போனது என்று எழுதினால் அதற்கே தனிக் கட்டுரை வேண்டும். ரேமைக் கழற்றி மாட்டினேன், எஸ்எஸ்டியைத் திரும்ப எடுத்தேன், பயந்துபோய்க் கார்டு செத்துவிட்டது என்றே முடிவுகட்டினேன். கட்டித் தந்த நிறுவனத்தில் கேட்டால் அனுப்பிவையுங்கள், மூன்று வாரம் ஆகும் என்றார்கள். அதே அண்ணனுக்குத்தான் ஃபோன் போட்டேன். "திரை கேபிளைக் கார்டுல செருகாத, மதர்போர்டுல செருகிப் பாரு" என்றார். 7950எக்ஸுக்குள்ளேயே ஒரு சின்ன கிராபிக்ஸ் இருக்கிறது, அது எனக்கு மறந்தே போயிருந்தது. படம் வந்தது. பயாஸுக்குள் போய் கார்டு இணைப்பின் வேகத்தை ஜென் 4-லிருந்து ஒரு தலைமுறை பழைய ஜென் 3-க்கு இறக்கச் சொன்னார். கார்டும் உயிர்பெற்றது. குற்றவாளி ரைசர் கேபிள். கழற்றி மடக்கி மாட்டியதில் அது ஜென் 4 வேகத்தைத் தாங்க மறுத்துவிட்டது, ஜென் 3-இல் நடைமுறையில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் அதற்குள் ஒரு வேலையை நாலு நாள் தாமதமாகக் கொடுத்து, பேசிய தொகையில் கால்வாசியை விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. கார்டைப் படுக்கவைக்காமல் நிற்கவைத்துக் கண்ணாடி வழியாகக் காட்டுகிற எந்த டவரிலும் இந்த ரைசர் கேபிள் இருக்கும், அழகுக்காக நடுவில் சேர்கிற ஒரு கூடுதல் மூட்டு அது. அப்படி வாங்கினால் மாற்று கேபிள் தனியாகக் கிடைக்குமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியம், வாங்குவதற்கு முன்பே பயனர் கையேட்டைத் தரவிறக்கி, எஸ்எஸ்டி மாற்றுவது எப்படி என்ற பக்கத்தை மட்டும் படியுங்கள். அது ஒரு பக்கமா, ஒன்பது பக்கமா என்பதிலேயே எல்லாம் தெரிந்துவிடும். கையேடே இல்லை என்றால் அந்த மெஷினே வேண்டாம்.

ஆறாவது மாதம் தூசி தட்டக் கழற்றிய கண்ணாடியைத் தரையில் நிறுத்திவைத்தேன். கீழே போடவில்லை, இடிக்கவில்லை, டைல்ஸ் தரையில் மெதுவாகத்தான் வைத்தேன். அதன் மூலை தரையைத் தொட்டதும் 'டப்' என்று ஒரு சத்தம், கையில் ஒன்றுமே இல்லை, தரை முழுக்கக் கல் உப்பு மாதிரி சிதறிக் கிடக்கிறது. சூடேற்றிக் கெட்டிப்படுத்திய டெம்பர்ட் கண்ணாடிக்கு விளிம்புதான் பலவீனம், டைல்ஸ் போலக் கடினமான பொருளில் விளிம்பு பட்டால் இப்படித்தான் நொறுங்கும். கழற்றினால் துண்டு விரித்து அதன்மேல் படுக்கவையுங்கள், நிறுத்தவே நிறுத்தாதீர்கள். மாற்றுக் கண்ணாடி வர ஐந்து வாரம் ஆகும் என்றார்கள். வேறு வழியில்லாமல் அந்தப் பக்கம் திறந்தபடியே ரெண்டர் போட்டேன். வழக்கமாக 84 டிகிரியில் நிற்கிற கிராபிக்ஸ் கார்டு 72-இல் நின்றது, ஃபேன் சத்தமும் தணிந்துவிட்டது. திறந்து கிடந்த அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். இதற்குத்தான் நான் பத்துக்குப் பத்து போட்டிருந்தேன். மாற்றுக் கண்ணாடி வந்ததும் மாட்டி, படமெடுத்து, விற்பனைக்குப் போட்டுவிட்டேன்.

இரண்டாம் முறை தேடும்போது அந்தக் கறுப்புப் பெட்டி வொர்க்ஸ்டேஷனை ஒரு நண்பரின் அலுவலகத்தில் நேரில் பார்த்தேன். ஒரு பிடியை இழுத்தால் பக்கம் திறக்கிறது, ஸ்க்ரூடிரைவரே வேண்டாம், கை வைக்கவேண்டிய இடமெல்லாம் ஒரே நிறத்தில் அடையாளம் போட்டிருக்கிறார்கள், பவர் சப்ளையே ஒரு மேஜை அறையைப் போல உருவிக்கொண்டு வருகிறது. பத்துக்கு 3 போட்ட கையை அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனாலும் அதை வாங்கவில்லை. மதர்போர்டும் பவர் சப்ளையும் அந்த நிறுவனத்துக்கே உரிய வடிவம், வாரண்டி முடிந்த பிறகு ஒன்று போனால் அவர்களிடமேதான் போய் நிற்க வேண்டும். 1995-இல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் என்ற பொது அளவுதான் இன்றைக்கும் வெளியில் எங்கும் கிடைக்கிறது, கடைசியில் அதில்தான் போய் நின்றேன். முன்பக்கம் முழுக்கச் சல்லடை, மூன்று 140 மில்லிமீட்டர் ஃபேன், பக்கம் தகரம், விளக்கு ஒன்றுகூட இல்லை. பிராசஸரும் அதே ரகம், கார்டும் அதே ரகம். ரெண்டர் ஓடும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஃபோன் பேச முடிகிறது. தூசி வடிகட்டி முன்னாலேயே உருவிக்கொண்டு வருகிறது, குழாயில் காட்டி உதறி மாட்ட நாலு நிமிடம்.

இதிலும் ஒரு தப்பு செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அளவை எண்ணாகப் படித்தேனே தவிர கண்ணால் பார்க்கவில்லை. வந்து இறங்கியதும் என் அம்மா, "என்னடா இது, பீரோ வாங்கியிருக்கியா?" என்றார். மேஜைக்கடியில் போகவில்லை, இரண்டு சென்டிமீட்டர் இடித்தது. பக்கவாட்டில் நிற்கவைத்தால் கதவு முழுசாகத் திறக்காது. கிராபிக்ஸ் கார்டின் பவர் கேபிளும் தகரத்தில் முட்டியது. 4090-இன் அந்தக் குட்டிப் பிளக்குக்குப் பக்கத்திலேயே கேபிளை மடக்கக்கூடாது, மூன்றரை சென்டிமீட்டராவது நேராக வந்த பிறகுதான் வளைக்க வேண்டும், சரியாக உட்காராமல் உருகிப்போன கதைகள் எல்லாருக்கும் தெரியும். அதனால் பெட்டியின் அகலத்தில் கார்டின் உயரத்தோடு இந்த இடத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அப்புறம், அட்டைப் பெட்டி ஒன்றை அதே நீள அகல உயரத்துக்கு வெட்டி ஒட்டி, வைக்கப்போகும் இடத்தில் இரண்டு நாள் வைத்துப் பாருங்கள். முழங்கால் பவர் பட்டனில் படுகிறதா, கேமரா கார்டு செருகக் குனிய வேண்டியிருக்கிறதா, சுவரோடு ஒட்டிவிட்டால் பின்னால் கேபிளுக்கு ஒரு சாண் மிஞ்சுகிறதா எல்லாம் அந்த அட்டைப் பெட்டியே சொல்லிவிடும். நான் மேஜையைத்தான் மாற்றினேன்.

திறக்கவே போவதில்லை, ஐந்து வருடம் அப்படியே ஓட்டிவிட்டு மாற்றுவேன் என்பவர்களுக்கு மூடிய அழகு மெஷின் ஒன்றும் மோசமில்லை. என் தோழி ஒருத்தி மேக் ஸ்டூடியோவில் குரல் பதிவு வரைக்கும் செய்கிறாள், அது ஓடுகிறதா என்று தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் அதில் ரேமைப் பிறகு கூட்ட முடியாது, வாங்கும் அன்றே ஐந்து வருடத்துக்கும் சேர்த்து யோசித்து எடுத்துவிட வேண்டும்.

பழையதை வாங்கிக்கொண்டு போன பையனிடம் எதையும் மறைக்கவில்லை. சத்தம், ரைசர் கேபிள், அடியில் இருக்கும் போர்ட், எல்லாம் சொன்னேன், பென்சிலில் எழுதிய அந்த ஸ்க்ரூ தாளையும் மடித்துக் கையில் கொடுத்தேன். அவன் தலையை ஆட்டிக்கொண்டே கண்ணாடிக்குள் எரிந்த விளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பத்து நாள் கழித்து ஃபோன் வந்தது. "அண்ணே, இந்த பென்டிரைவை எங்க செருகறது?"